பேய் மாப்பிள்ளையும் வேற்றுக்கிரகத்து மாப்பிள்ளையும்

கண்ணு,

ஜோர்டானில் போய் இறங்கிவிட்டாய், அறையில் தண்ணீர் வருகிறது, கம்பெனி மெஸ்ஸில் சாப்பாடு பரவாயில்லை என்று நீ அனுப்பிய செய்தி வந்தது. சந்தோஷம். நீ புறப்பட்ட அன்று பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாய். "அந்தப் பேய்க் கதைங்கள்ல அப்படி என்னதாம்மா இருக்குது? ஒரு கல்யாணமே நின்னு போற அளவுக்கு?" நான் வாய் திறப்பதற்குள் டிரைவர் ஹார்ன் அடித்துவிட்டான். நீயும் பதிலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. கோபத்தில் கேட்டாய். ஆனாலும் அந்தக் கேள்வி என் மனதில் உட்கார்ந்துகொண்டது. போனில் சொல்லலாம் என்றால் நீ எப்போதும் நடந்துகொண்டே பேசுகிறாய், நடுவில் யாராவது கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். எனக்கும் இப்போதெல்லாம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அசதியாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கம்பெனி பஸ்ஸில் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

நான் எப்போது கதை படிக்க ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் அப்பா வீட்டு முன்பக்கம் சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற யூனிட் போட்ட புதிதில், சட்டைகளை எண்ணிக் கட்டுக் கட்டுவது என் வேலை. என்னோடு உட்கார்ந்து நூல் வெட்டிய ஒரு மதுரைக்கார அக்கா, டீ நேரத்தில் மாத நாவல் ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு, சுற்றி மெஷின் போடுகிற சத்தம் எதுவும் காதில் விழாதவள் மாதிரி இருப்பாள். ஒருநாள் கேட்டேன், என்னக்கா கதை என்று. "ஒரு பேயி, ஒரு டீச்சரம்மாவ லவ் பண்ணுது. பாவமா இருக்குடீ" என்றாள். சிரித்துக்கொண்டே வாங்கிப் படித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதிலிருந்து பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது, லைப்ரரியில் எடுத்தது, பிறகு போனில் ஆப் வந்தபோது அதில் வாரவாரம் தொடராக வருவது என்று விடாமல் படித்துவந்திருக்கிறேன். சாதாரணக் காதல் கதை எனக்கு ஒட்டுவதில்லை. மாமன் மகள், பணக்கார முதலாளி, ஒரே ஆபீஸ் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுச் சங்கதி. படித்தாலும் வேலை செய்த மாதிரியே இருக்கிறது. ஆள் இந்த உலகத்துக்காரனாக இல்லாமல் இருந்தால்தான் எனக்குக் கொஞ்சம் காற்று வருகிறது.

அதற்காக எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. முக்கால்வாசி குப்பைதான். ரத்தம் குடிக்கிற நாயகன் என்று ஒரு காலத்தில் வரிசையாக வந்தது. வெயில் பட்டால் எரிந்துபோவானாம். நம் ஊர் வெயிலில் அவனை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் எழுதுகிறவர்கள் எல்லாரும் அவனை ஊட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தவன் என்பார்கள். அத்தனை காலத்தில் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் பழகவில்லை. பிறகு ஓநாய் மனிதன் வந்தான். அவன் ஒரு பெண்ணை மோந்து பார்த்தே இவள்தான் எனக்கு விதிக்கப்பட்டவள் என்று சொல்லிவிடுவான். அவளைக் கேட்க வேண்டியதே இல்லை. மோந்து பார்த்துச் சொல்வதற்கும் ஜாதகத்தைப் பார்த்துச் சொல்வதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? போன ஜென்மத்துக் காதலும் எனக்கு ஆகாது. போன பிறவியிலேயே முடிவாகிவிட்டது என்றால் இந்தப் பிறவியில் அவன் நல்லவனாக நடந்துகொள்ளவே தேவையில்லை பார். மனித உருவில் ரோபோ மாப்பிள்ளை என்று ஒரு கதை, கோபமே வராதபடி செய்யப்பட்டவன். ஆரம்பத்தில் குளிர்ச்சியாக இருந்தது. பாதிக்குமேல் சலித்துவிட்டது. சண்டை போட முடியாதவனோடு குடித்தனம் நடத்துவது சுவரோடு பேசுகிற மாதிரி.

எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்காதவன் எதிர்காலத்திலிருந்து வருகிறவன். அவனுக்கு நடக்கப்போவது எல்லாம் தெரியும். இந்த வேலைக்குப் போகாதே என்பான், அந்தத் தோழியோடு பேசாதே என்பான், கடைசியில் அறைக்குள் வைத்துப் பூட்டுவான். ஏன் என்று அழுதால், எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்பான். அவன் சொன்ன மாதிரியே அங்கே விபத்தும் நடக்கும். அவள் ஓடிவந்து அவன் மார்பில் சாய்வாள். படிக்கிறவர்கள் கீழே வரிசையாக ஹார்ட் போடுவார்கள். நான் ஒருமுறை, "விபத்து நடக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவளே போகாமல் இருந்திருப்பாளே" என்று கமெண்ட் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

இப்படி இருந்தவளிடம்தான் நீ சௌமியாவின் ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாய். ஊத்துக்குளியில் வெண்ணெய் வியாபாரம் செய்கிற குடும்பம், பெண் சாயப்பட்டறை லேபில் கலர் சேர்க்கிற வேலை பார்க்கிறாள், கேட்கிற கலருக்குச் சரியாகக் கொண்டுவந்துவிடுவாளாம், நல்ல பேர் என்றாய். பெண் பார்க்கப் போன அன்று நான்தான் பேச்சுக் கொடுத்தேன். வேலை விட்டு வந்தால் என்ன கண்ணு பண்ணுவே என்றதற்கு அவள் வாய் திறப்பதற்குள் அவள் அம்மா முந்திக்கொண்டாள். "போன்ல என்னமோ டைப் பண்ணீட்டே இருப்பாளுங்க. ஆபீஸ் வேலைதானுங்க." சௌமியா தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம் என்று நினைத்தோம். நீங்கள் இரண்டு பேரும் தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தீர்கள். என்ன பேசினாய் என்று வண்டியில் கேட்டேன். என் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையைப் பற்றிச் சொன்னேன், ஷிப்மெண்ட் நேரத்தில் வர நேரமாகும் என்று சொன்னேன், சரி என்றாள் என்றாய். அந்த மாதமே உப்பு சர்க்கரை மாற்றி உறுதி செய்துகொண்டோம்.

பத்திரிகை அடிக்க எல்லோரும் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். உன் பெரியத்தை போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் மகள் ஏதோ ஆப்பில் கதை படித்திருக்கிறாள். எழுதியவளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நம் சௌமியா. வேறு பெயரில் எழுதியிருக்கிறாள். ஒன்று பேய்க் காதல், ஒன்று வேற்றுக்கிரகத்துக்காரன் காதல். உன் பெரியத்தை ஹாலின் நடுவில் நின்றுகொண்டு, பேய்க் கதையில் ஒரு காதல் கட்டத்தை மூக்கால் இழுத்து இழுத்து வாசித்தாள். சித்தப்பா, "டேய், நீ பேய் மாப்பிள்ளையாடா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாய். உன் முகம் வாடியதை நான் பார்த்தேன். பெற்றவளுக்கு அது பொறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் போன பிறகு நீ சமையலறைக்கு வந்தாய். "அம்மா, நீங்களே ஒரு தடவ ஊத்துக்குளி போயிட்டு வந்துருங்க. கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் வேண்டாம்னு பதமாச் சொல்லீருங்க. நீங்களும் கதை படிக்கறவங்க, உங்க பேச்சக் கேப்பா."

"உனக்கு என்ன கண்ணு சங்கடம்?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. நாலு பேரு பேசறாங்கல்ல. ஆபீஸ்ல தெரிஞ்சா நான் எப்படி நிக்கறது?"

"நீ அதைப் படிச்சியா?"

"எனக்கெங்கம்மா நேரம்? ரெண்டு ஷிப்மெண்ட் தொங்கீட்டிருக்குது."

உனக்காகத்தான் கிளம்பினேன். ஆனால் படிக்காமல் போய்ப் பேச எனக்கு மனம் வரவில்லை. கட்டுக் கட்டுகிற இடைவெளியில், கரண்ட் போன மத்தியானங்களில், கண் டாக்டரிடம் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என்று இரண்டு கதைகளையும் படித்தேன்.

முதல் கதை காங்கேயம் பக்கத்தில் நடக்கிறது. எண்ணெய் மில் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவருகிறாள். முன்னால் அங்கே குடியிருந்து விபத்தில் இறந்துபோன லாரி டிரைவர் அந்த வீட்டிலேயே இருக்கிறான். அவனால் யாரையும் தொட முடியாது, கனமான எதையும் அசைக்க முடியாது. அவள் சோர்ந்துபோய் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "வாங்க, உக்காருங்க" என்பான். அவ்வளவுதான் அவனால் முடியும். கண்ணு, வேலை முடிந்து கதவைத் திறந்ததும் தண்ணி கேட்காமல், சாப்பாடு என்ன என்று கேட்காமல், உட்காருங்கள் என்று சொல்ல ஒருவன் இருந்தால், இந்த ஊரில் எத்தனை பெண்கள் அந்தப் பேய்க்குக் கழுத்தை நீட்டுவார்கள் தெரியுமா? உன் பெரியத்தை இழுத்து இழுத்து வாசித்தாளே, அந்தக் கட்டம் வந்தது. அவள் அழுகிறாள். அவன் கண்ணீரைத் துடைக்கக் கையை நீட்டுகிறான். கை ஊடுருவிப் போய்விடுகிறது. வேறு வழி தெரியாமல் அவள் கன்னத்தில் காற்றுப் படட்டும் என்று ஜன்னல் திரையை மட்டும் அசைக்கிறான். ஹாலில் கேட்டபோது சிரிப்பாக இருந்தது அது. தனியாகப் படித்தபோது நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு சாமியார் வந்து அந்தப் பேயை வேறொரு உடம்பில் புகுத்திக் கல்யாணம் செய்துவைக்கிறார். அடுத்த பக்கத்திலேயே அவன் காபி கேட்கிறான்.

இரண்டாவது கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மங்கலத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேற்றுக்கிரகத்துக்காரன் ஒருவன் வந்து வேலைக்குச் சேர்கிறான். யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. நம் ஊர்க்காரர்கள் அவனை இந்திக்காரப் பையன் என்று நினைக்கிறார்கள். இந்திக்காரர்கள் அவனைக் கேரளத்துக்காரன் என்கிறார்கள். தெற்கத்திக்காரர்கள், யாரோ பேசத் தெரியாத பாவம் என்று சோறு போடுகிறார்கள். இதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். உன் அப்பாகூட மெஷினை நிறுத்திவிட்டு என்னவென்று எட்டிப்பார்த்தார். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் அந்தக் கூடத்துப் பெண்ணிடம் அவன் கைஜாடையில் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். இது என்ன, இது எதற்கு, நீ ஏன் இன்றைக்கு மெதுவாக நடக்கிறாய், உன் வீட்டில் உனக்கு எந்த மூலை பிடிக்கும். அவளிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. பதில் சொல்லச் சொல்லத்தான் தனக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கே தெரியவருகிறது. கடைசியாக வந்த அத்தியாயத்தில், அவனுக்கு அடுத்தவர் மனதைப் படிக்கிற சக்தி முதலிலிருந்தே உண்டு என்று தெரிகிறது. அவள் கோபித்துக்கொண்டு போகிறாள். அதோடு நின்றுவிட்டது. கீழே வரிசையாக, அடுத்த பகுதி எப்போது, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். உன் பெரியத்தை ஹாலில் வாசித்த அந்த வாரம்தான்.

பிளவுஸ் அளவு வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஊத்துக்குளி போனேன். அவள் அம்மா காபி கலக்க உள்ளே போனதும் சௌமியா தானாகவே ஆரம்பித்தாள். முகத்தில் உயிரில்லை.

"நானே உங்களுக்குச் சொல்லோணும்னு இருந்தனுங்க அத்தை. இனிமே எழுத மாட்டனுங்க. அம்மா அன்னிக்கே திட்டீட்டாங்க. இதுக்குன்னு நீங்க பஸ் ஏறி வந்திருக்க வேண்டாமுங்க."

"அது கெடக்கட்டும் கண்ணு. அந்த மங்கலத்துக்காரன் என்ன ஆனான்?"

அவளுக்குப் புரியவில்லை. "எந்த மங்கலத்துக்காரருங்க?"

"தறி ஓட்டறவன். மேலிருந்து வந்தவன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று அவள் கண்ணையே நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நீங்க படிச்சீங்களாங்க அத்தை?"

"ரெண்டையும் படிச்சேன். மொதக் கதைய நீ கடைசீல கெடுத்துப்போட்டே. செத்தவன் செத்தவனாவே இருந்திருக்கோணும்."

"எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு. கமெண்ட்ல எல்லாரும் சேத்து வைங்க, சேத்து வைங்கன்னாங்க."

"ரெண்டாவதையும் கெடுத்துட்டே. கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கறான்னுதான அவனப் புடிச்சுது. மனசப் படிக்கறவன்னு ஆக்கிப்போட்டா அவனும் மத்தவனாட்டத்தான."

"அது அப்படி இல்லீங்க அத்தை!" சத்தமாகச் சொல்லிவிட்டு உள்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவனால முடியுமுங்க. ஆனா அவகிட்ட மட்டும் ஒரு நாளும் பண்ணல. கதவு தெறந்தே கெடந்தாலும் வெளியவே நின்னு கூப்புடறவன் அவன். அதைத்தானுங்க அடுத்த அத்தியாயத்துல சொல்ல இருந்தேன். நீங்க அவசரப்படறீங்க."

மாமியாராகப் போகிறவளைப் பார்த்து அவசரப்படுகிறீர்கள் என்று சொன்னாள் பார், அங்கேதான் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நான் யோசித்ததைவிட அவள் யோசித்தது நன்றாக இருந்தது. அதையும் சொன்னேன். அவள் அம்மா காபியோடு வந்தபோது நாங்கள் பேய்க்கு நிழல் விழுமா விழாதா என்று வாதம் செய்துகொண்டிருந்தோம். அந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு ஒன்றும் புரியாமல் நின்றாள். பிறகு நெய் கட்டித் தருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

அப்போது சௌமியா கேட்டாள். "உங்கள அவரு அனுப்பிச்சாருங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "ஆமா சாமி. நிறுத்தச் சொல்லச் சொன்னான்."

"அவரு படிச்சாருங்களா?"

"இல்ல."

அவள் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள், குடிக்கவில்லை. "படிச்சுப்போட்டு நல்லால்லைன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லீங்க அத்தை. தோட்டத்துல அன்னிக்கு அவ்வளவு நேரம் நின்னோம். உனக்கு என்ன புடிக்கும்னு ஒரு வார்த்த கேக்கலீங்க. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்." பிறகு, "நீங்க அவருகிட்ட இதைச் சொல்லீருங்க" என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன் கண்ணு. கட்டிக்கப் போறவ நீ. நீயே பேசு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். நான் களைத்துப்போய்விட்டேன். இன்ஜினியரிங் வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை நீ என்னிடம் சொன்னாய். அவர் உன்னிடம் சொல்ல வேண்டிய பதிலை என்னிடம் சொன்னார். பெரியத்தைக்கு வருத்தம் என்றால் என்னிடம் சொல்லி அனுப்புவாள். அவளுக்குச் சமாதானம் என்றால் அதுவும் என் வழியாகப் போகும். இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நடுவில் ஓடுகிற ஒயர் மாதிரி நான் இருந்திருக்கிறேன். அன்று திரும்பிவந்த பஸ்ஸில் நெய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இனி இந்த வேலை நமக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். உனக்குப் பெண் அமையும் நேரமாகப் பார்த்து நினைத்தேன், அதுதான் உன் துரதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாய். இல்லை, நீயே பேசு என்றேன். "ஒரு வேல சொன்னா அதச் செய்யாம, அங்க போயி கதை பேசீட்டு வந்திருக்கீங்க" என்று எழுந்து போனாய். அடுத்த நாள் அவளே உன்னைப் போனில் கூப்பிட்டாள். நீ வாசலில் நின்று பேசினாய். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ சொன்னது கேட்டது. "அதெல்லாம் படிக்க நேரமில்ல சௌமியா. இப்ப அதுவா முக்கியம்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கையில் இருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டேன். எதிர்காலத்திலிருந்து வருகிறவன் எத்தனை கதையில் இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பான்! அவன் எந்த ஊர்க்காரன் என்று நான் யோசித்ததே இல்லை. என் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான்.

அந்த வாரக் கடைசியில் சௌமியாவின் அப்பா, கூட ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு வந்தார். நீ ஆபீஸில் இருந்தாய். உட்காரக்கூட இல்லை அவர். "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க குடும்பத்து மேல ஒரு கொறையும் இல்லீங்க. புள்ள வேண்டாங்குது. ஏன் சாமின்னா, 'என்னத் தெரிஞ்சுக்கோணும்னு அவருக்குத் தோணலீங்கப்பா'ங்குது. எனக்கும் முழுசா வெளங்கலீங்க. ஆனா அழுதுட்டுச் சொல்லலீங்க. தெளிவா உக்காந்து சொல்லுது." உன் அப்பா, "சரிங்க, காபி குடிச்சுட்டுப் போலாம்" என்றார். அவர் குடித்துவிட்டுத்தான் போனார். சாயங்காலம் உன் பெரியத்தை வந்து, மாமியாரும் மருமகளும் பேய்ப் புத்தகம் படித்துக் குடியைக் கெடுத்தார்கள் என்று வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள்.

நீ ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பைக்கைக் கழுவினாய். கழுவியதையே திரும்பவும் கழுவினாய். உன் கண் சிவந்திருந்ததை நான் பார்க்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். பிறகுதான் வெளிநாட்டு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றாய்.

நீ கெட்டவன் இல்லை கண்ணு. எனக்குத் தெரியாதா? என் கண் மங்குகிறது என்று தெரிந்ததும் பெரிய திரை வைத்த போன் வாங்கிவந்து, எழுத்தைப் பெரிதாக்கி, இரண்டு விரலால் எப்படி இழுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவன் நீ. அந்தப் பெரிய எழுத்தில் அம்மா என்ன படிக்கிறாள் என்று மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. வேண்டியதை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடுகிறாய். உன் அப்பாவும் அப்படித்தான். உழைத்துப்போட்டால் போதும் என்று இருந்துவிட்டார். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிறவளுக்கு, நாற்காலி மேஜையோடு நாமும் ஒன்று என்று ஒருநாள் தோன்றிவிடும்.

அந்தக் கதைகளில் இருப்பது இதுதான். ஒரு பெண் வேலை முடிந்து வருகிறாள். அங்கே ஒருவன் இருக்கிறான். அவளைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் கேட்கிறான். இதற்கு எதற்குப் பேயும் வேற்றுக்கிரகமும் என்று நீ கேட்கலாம். உள்ளூர்க்காரன் ஒருவன் இப்படி உட்கார்ந்து கேட்டான் என்று எழுதினால் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அதனால்தான் பாவம், அவனை அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைக்கிறார்கள்.

நீ போன பிறகு சௌமியா ஒருநாள் கூப்பிட்டாள். எடுத்ததும், "ஏனுங்..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டாள். அத்தை என்று கூப்பிட இனி முறையில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "சொல்லு கண்ணு" என்றேன். அடுத்த அத்தியாயத்தை எழுதிவிட்டாளாம். ஆப்பில் போடுவதற்கு முன்னால் நான் ஒருமுறை படித்துச் சொல்ல வேண்டுமாம். அனுப்பினாள், படித்தேன். அவன் வாசலில் நின்று அவளைக் கூப்பிடுகிற இடம் நன்றாக வந்திருந்தது. ஆனால் அங்கே அவன் ஒரு பக்கத்துக்கு வசனம் பேசினான். அவ்வளவு பேசுகிறவன் உள்ளேயே வந்துவிட்ட மாதிரிதான் என்று சொன்னேன். மறுத்துப் பேசினாள், பிறகு வெட்டிவிட்டாள். உன்னைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களைச் சேர்த்துவைக்க இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது முடிந்துபோன விஷயம். அந்தக் கதையை நீ தேடிப் படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி. அதற்கும் இனி நான் லிங்க் அனுப்பப் போவதில்லை.

பெரியத்தை இப்போதே வேறு இரண்டு ஜாதகம் கொண்டுவந்துவிட்டாள். நீ லீவில் வரும்போது பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்க நானும் வருகிறேன், காபி குடிக்கிறேன், சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பேச வேண்டியதை நீ பேசு. உன் வேலையைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு கொஞ்சம் நேரம் மிச்சம் வைத்துக்கொள்.

நேற்று அனுப்பிய செய்தியின் அடியில், அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று போட்டிருக்கிறாய். நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அவருக்கு இடது முழங்காலில் வலி. மெஷின் பெடலை வலது காலால் மிதித்து ஓட்டுகிறார். சாயங்காலம் நாலு மணிக்கு டீக்காக மெஷினை நிறுத்திவிட்டு, வெளியே பண்டல் மேல் உட்கார்ந்திருப்பார். உனக்கு அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். போன் சட்டைப் பையில்தான் இருக்கும். கண்ணாடி போடாமல் எடுப்பார், யார் என்று தெரியாது. ஏதோ கம்பெனியிலிருந்து பட்டன் தைத்த பீஸ் கேட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "நாளைக்கு முடிஞ்சுருமுங்க" என்பார். வைத்துவிடாதே. நான்தான் பேசுகிறேன் என்று சொல். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேள். ஒன்றுமில்லை என்பார். இன்னொரு தடவை கேள்.

அம்மா